சிம்ப்ளோன் கணவாயின் பழைய வணிகப் பாதையில் மூன்று நாள் நடை: ஆலோசனை வேண்டுகிறேன்

உவர்மலை ஆசிரியன் (திருகோணமலை):

வணக்கம். வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வாழும் தங்கையின் வீட்டுக்கு அடுத்த ஆண்டு மனைவியுடன் செல்ல எண்ணியிருக்கிறேன். அங்கே போகும் நம்மவர் பெரும்பாலும் உறவினர் வீடுகளையும் ஆலயத் திருவிழாக்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எனக்கோ, அல்ப்ஸ் மலையைக் குறுக்கே கடந்து இத்தாலிக்குச் சென்ற பழைய வணிகப் பாதை ஒன்றையேனும் நடந்தே கடக்க வேண்டும் என்பது, வகுப்பில் நெப்போலியனைப் பற்றிக் கற்பித்த காலத்திலிருந்தே உள்ள ஆசை. பிரிக் நகரில் தொடங்கி, சிம்ப்ளோன் கணவாயைக் கடந்து, எல்லைக் கிராமமாகிய கொண்டோவில் முடியும் ஸ்டொக்கால்பர் பாதை ஏறத்தாழ 35 கிலோமீற்றர் நீளமானது என்றும் அதை மூன்று நாட்களில் நடக்கலாம் என்றும் அறிந்தேன்.

கதிர்காமப் பாதயாத்திரையில் வெருகலிலிருந்து நடந்த பழக்கம் எனக்கு உண்டு. ஆயினும் அது சமதரையும் வெயிலும். இது ஏற்றமும் குளிரும். ஆடியில் கதிர்காமத்துக்குப் போக வேண்டியிருப்பதால் மே மாதக் கடைசியில் இந்த நடையை முடித்துவிட முடியுமா, முதல் நாள் ஏற்றம் எவ்வளவு கடினமானது, இரவில் எங்கே தங்குவது ஆகியவற்றை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். மனைவிக்கு முழங்கால் நோவு இருக்கிறது. அவரைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போக எனக்கு விருப்பமில்லை.

உப்புவெளியான் (பேர்ண்):

ஐயா, மே மாதம் வேண்டாம். கணவாய் 2,005 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வாகன வீதியில் பனியை அகற்றுவார்கள், நடைபாதையில் அகற்ற மாட்டார்கள். நிழல் விழும் சரிவுகளில் ஜூனிலும் பனித்திட்டுகள் கிடக்கும். கதிர்காமத்தை முடித்துக்கொண்டு செப்டெம்பர் முதல் இரண்டு வாரங்களில் வாருங்கள். ஜூலை, ஓகஸ்டில் பிற்பகல்களில் வரும் இடிமழை அப்போது குறைந்திருக்கும், தங்குமிடங்களிலும் நெருக்கடி இராது.

நீங்கள் வரலாற்று ஆசிரியர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்தப் பாதை நெப்போலியனுடையது அல்ல. பிரிக்கைச் சேர்ந்த காஸ்பார் யோடொக் ஃபொன் ஸ்டொக்கால்பர் (1609–1691) என்ற வணிகர், அக்காலத்துக் கோவேறு கழுதைப் பாதையைச் சீர்படுத்தி, கணவாய் வழியே சென்ற சரக்குப் போக்குவரத்தைத் தன் கையில் வைத்திருந்தார். அவருடைய செல்வத்தின் முக்கிய ஊற்று உப்பு. நிலாவெளி உப்பளத்தில் குவியலாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். கடலே இல்லாத வாலிஸ் மாநிலத்தில் பாலாடைக் கட்டிக்கும் மாடுகளுக்கும் வேண்டிய உப்பு வெளியிலிருந்தே வர வேண்டியிருந்தது. 1640களின் பிற்பகுதியில் அந்த உப்பு வாணிபத்தின் தனியுரிமை அவரிடம் வந்தது. வெங்காய வடிவக் கூரைகளுடன் மூன்று கோபுரங்கள் உயர்ந்து நிற்கும் அவருடைய மாளிகை இன்றும் பிரிக்கில் இருக்கிறது. அதன் முற்றத்தைப் பார்த்துவிட்டே நடக்கத் தொடங்குங்கள். இவ்வளவு பெரிய மனிதர் 1678இல் எதிரிகளால் பதவிகளை இழந்து, பின்னர் இதே கணவாய்க்கு அப்பாலுள்ள தோமோதொஸ்ஸோலாவில் ஆண்டுக் கணக்கில் அடைக்கலம் புகுந்திருந்தார்.

நெப்போலியனின் வீதி 1801க்கும் 1805க்கும் இடையில் பீரங்கி வண்டிகளுக்காக அமைக்கப்பட்டது. சக்கரங்களுக்கு மெல்லிய சரிவு வேண்டும் என்பதால் அது கான்டர் பள்ளத்தாக்கினுள் நெடுந்தூரம் சுற்றி வளைந்து ஏறுகிறது. கழுதைக்கு அந்தத் தேவை இல்லை; ஆகவே பழைய பாதை தாஃபெர்னா என்னும் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வழியே நேராகக் கணவாயை நோக்கி ஏறிவிடுகிறது. ஒரே இடத்துக்குச் செல்லும் இரு வழிகள் ஏன் இப்படிப் பிரிகின்றன என்பதை வரைபடத்தில் பார்ப்பதைவிட, உங்கள் கால்களே சொல்லக் கேட்பது நல்லது.

கடினத்தைப் பொறுத்தவரை முதல் நாள்தான் சோதனை. பிரிக் ஏறத்தாழ 680 மீற்றரில் இருப்பதால் 1,300 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். நடுவே பள்ளத்தாக்கினுள் ஒருமுறை இறங்கி மீண்டும் ஏறுவதால் மொத்த ஏற்றம் அதைவிடக் கூடும். காலை ஏழு மணிக்கே புறப்படுங்கள். மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரம் இராது, நடை நேரம்தான் இருக்கும். ஓய்வெடுக்கும் நேரம் அதில் சேராது.

இரவில் கணவாயிலுள்ள விடுதியில் தங்கலாம். நெப்போலியன் கட்டப் பணித்து, பெரிய சென் பேர்னார்ட் மடத்துத் துறவிகள் 1831இல் கட்டி முடித்த அந்த இல்லத்தை இன்றும் அதே சபையினர் நடத்துகின்றனர். மரக்கறி உணவு வேண்டுமென்றால் இடம் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நாள் சிம்ப்ளோன் கிராமம் வரை இறக்கம். அது குறுகிய நாள். வழியில் ஸ்டொக்கால்பர் கட்டிய, கோபுரம் போன்று உயர்ந்த பழைய விடுதியின் அருகில் நேரம் செலவிடலாம். மூன்றாம் நாள் கொண்டோ மலையிடுக்கு.

மட்டிக்களி மைந்தன் (திருகோணமலை):

மேலே எழுதிய நண்பரின் விளக்கம் சிறந்தது. ஆனால் ஓய்வுபெற்ற ஒருவருக்கு முதல் நாளிலேயே இவ்வளவு ஏற்றம் தேவையா என்று யோசிக்க வேண்டும். பிரிக்கிலிருந்து கணவாய்க்கு மஞ்சள் நிறத் தபால் பேருந்து செல்கிறது. இருவரும் அதில் ஏறி மேலே சென்று, அங்கிருந்து கொண்டோ வரை இறங்கி நடந்தால் மனைவியையும் அழைத்துச் செல்லலாம், இதயத்துக்கும் சுமை குறையும்.

தம்பலகாமத்தாள் (திருகோணமலை):

இயன்முறை மருத்துவத்தில் பணிபுரிபவள் என்ற முறையில், அண்ணாவின் கருத்தை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். முழங்காலைச் சோதிப்பது இறக்கமே. இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் முழங்கால் சில்லின் பின்புறத்தில் அழுத்தம் மிகுகிறது. கணவாயிலிருந்து கொண்டோ வரை 1,100 மீற்றருக்கு மேல் இறக்கம். முழங்கால் நோவுள்ள அம்மாவுக்கு அந்தப் பகுதியைத் தெரிவு செய்வது முற்றிலும் தலைகீழான ஏற்பாடு. அவர் பேருந்தில் கணவாய்க்கு வந்து உங்களைச் சந்திக்கட்டும். விடுதியைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தில் இருவரும் மெதுவாக நடக்கலாம். அடுத்த இரு நாட்களிலும் அவர் பேருந்தில் முன்னே செல்ல, நீங்கள் இரு கைகளிலும் நடைத்தடி ஊன்றி இறங்கிச் செல்லுங்கள்.

உயரத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். உயர நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேயே தொடங்கும். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலை இந்தக் கணவாயைவிட உயரமானது. ஆனால் பயிற்சிக்குக் கோணேசர் மலையேற்றம் போதாது. சிவனொளிபாத மலையில் ஒருமுறையாவது ஏறி இறங்கிப் பாருங்கள். அதற்கு முன் சில மாதங்கள், முதுகுப்பையில் ஐந்தாறு கிலோ சுமையுடன் மாடிப்படிகளில் ஏறி இறங்குங்கள். சப்பாத்தை அங்கே போய் வாங்கி அப்படியே அணிந்து நடக்க வேண்டாம், இங்கேயே பல வாரங்கள் போட்டுப் பழகுங்கள். இரத்த அழுத்தம், இதயம் இரண்டையும் புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம்.

உப்புவெளியான் (பேர்ண்):

தங்கை சொன்னதே சரியான ஏற்பாடு. பேருந்தில் மேலே போய்விட்டால் தாஃபெர்னாவைத் தவறவிடுவீர்கள், ஐயா. அந்த ஏற்றத்தை விட்டுவிட்டு இந்தப் பாதையை நடந்ததாகச் சொல்ல என்னால் முடியாது. களைப்பு மிஞ்சினால் திரும்பி வீதிக்கு இறங்கிப் பேருந்து பிடிக்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

இன்னும் சில செய்திகள். நூறு மீற்றர் உயர்வுக்கு ஏறத்தாழ அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வெப்பம் குறையும். பிரிக்கில் 25 பாகை இருந்தால் கணவாயில் 17ஐ எதிர்பாருங்கள். காற்றும் சேர்ந்தால் திருகோணமலை உடம்புக்கு அது கடுங்குளிர். கம்பளி மேலாடையும் மழைக்கோட்டும் பையின் மேற்பகுதியிலேயே இருக்கட்டும். வாலிஸ் மாநிலத்தில் அவசர உதவிக்கு 144 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும். ஹெலிகொப்டர் மீட்பு இலவசம் அல்ல. ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி எடுக்கும்போது, மலைநடை விபத்தும் மீட்புச் செலவும் அதில் அடங்குகின்றனவா என்று எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

கொண்டோவில் சற்று நின்று பாருங்கள். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி, கடும் மழையின்போது மண்ணும் பாறையும் சரிந்து அந்தச் சிற்றூரின் நடுப்பகுதியை அடித்துச் சென்றதில் 13 பேர் இறந்தனர். ஸ்டொக்கால்பரின் சரக்குக் கோபுரத்திலும் ஒரு பகுதி அழிந்தது. அதை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட நம்மவர் அந்த இடத்தை விரைந்து கடந்து போகக் கூடாது.

திரும்பும்போது அதே வீதியில் வர வேண்டாம். கொண்டோவிலிருந்து பேருந்தில் தோமோதொஸ்ஸோலாவுக்கு இறங்கி, அங்கிருந்து தொடருந்தில் ஏறுங்கள். 1906இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் உங்களை அரை மணித்தியாலமளவில் பிரிக்கில் சேர்த்துவிடும். இத்தாலி எல்லைக்குள் செல்வதால் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். விசா இரு நாடுகளுக்கும் ஒன்றே.

உவர்மலை ஆசிரியன் (திருகோணமலை):

மூவருக்கும் நன்றி. செப்டெம்பர் முதல் வாரத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். பிரிக்கிலிருந்து நான் நடந்து ஏறுவேன், மனைவி பேருந்தில் வந்து விடுதியில் காத்திருப்பார். அவரும் இதற்கு மகிழ்ச்சியுடன் சம்மதித்துவிட்டார். தை பிறந்ததும் சிவனொளிபாத மலைக்குப் போய்வந்து, இறக்கத்தில் கால்கள் எப்படி இருந்தன என்பதை இங்கே எழுதுகிறேன். தங்கை தம்பலகாமத்தாள் அதைப் பார்த்துச் சரி என்றால் விடுதியில் இடம் பதிவேன்.