ஏற்கெனவே பேஸ்மென்ட் தோண்டிய மனைக்குத் தொல்லியல் ஆய்வு எதற்கு?

பைல்காரன்:
லண்டனின் பழைய மையமான சிட்டி பகுதியில் 1960களில் கட்டிய அலுவலகத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம். ஒரு மாடி ஆழத்துக்கு பேஸ்மென்ட் இருக்கிறது. அங்கிருந்த மண்ணெல்லாம் அன்றைக்கே லாரி ஏறிவிட்டது. இப்போது தொல்லியல் மதிப்பீடு கொடுத்தால்தான் அனுமதியாம். இல்லாததைத் தேட நான் ஏன் செலவழிக்க வேண்டும்?

கிணற்றடி:
போன மண் போகட்டும், அதற்கு அடியில்? அதே சிட்டியில், வால்புரூக் தெருவில் புளூம்பெர்க் நிறுவனக் கட்டடம் நிற்கும் மனையில் 1954இல் ரோமானியர் வழிபட்ட மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயில் கிடைத்தது. அப்புறம் அங்கே பெரிய அலுவலகம் எழுந்தது. அதையும் இடித்துவிட்டுத் தோண்டியபோது 400க்கும் மேற்பட்ட ரோமானிய மர எழுத்துப் பலகைகள்! பூசிய மெழுகு போய்விட்டது, எழுத்தாணி அழுந்திய கீறல் மரத்தில் அப்படியே இருக்கிறது. ஒன்று கி.பி. 57 ஜனவரி 8இல் எழுதிய கடன் சீட்டு. திபுல்லுஸ் என்பவர் வாங்கிய சரக்குக்காக கிராட்டுஸுக்கு 105 தெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு) தர வேண்டும் என்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

பைல்காரன்:
அங்கே ஓடை ஓடியது. ஈரச் சேற்றில் காற்றுப் புகாததால் மரம் பிழைத்தது. என் மனை சரளை மேடு. அதை வைத்து எல்லோர் தலையிலும் செலவைக் கட்டுவது நியாயமில்லை.

கிணற்றடி:
சரளையில் மரம் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். பானை ஓடுகளும் எலும்பும் நிற்குமே. பழைய கிணறுகளும் கழிவுக் குழிகளும் உங்கள் பேஸ்மென்டை விட ஆழமாகப் போயிருக்கலாம். மேல் பாதியை வெட்டி எடுத்திருந்தாலும் அடிப்பாதி மிஞ்சும்.

மட்டப்பலகை:
நான் தள அளவை வேலை பார்ப்பவன். முதலில் மண்வெட்டியே வேண்டாம். பழைய கட்டட வரைபடம், போர்ஹோல் பதிவு (துளையிட்டு மண் அடுக்குகளைப் பார்த்த குறிப்பு), பழைய நிலப்படங்கள், மூன்றையும் எடுங்கள். பேஸ்மென்டின் அடிமட்டத்தையும் மனிதர் கை படாத இயற்கை மண் தொடங்கும் மட்டத்தையும் ஒரே தாளில் வரையுங்கள். நடுவில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பேஸ்மென்ட் மனை முழுக்க இருக்கிறதா?

பைல்காரன்:
இல்லை. பின்பக்கம் வெறும் முற்றம்.

கிணற்றடி:
பார்த்தீர்களா! 1989இல் லண்டனின் சதக் பகுதியில் இப்படித்தான் நடந்தது. 1950களின் அலுவலகம் ஒன்றை இடித்த இடத்தில், 1587இல் கட்டிய ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிவந்தது. ஊரே திரண்டு போராடியது, கட்டட வடிவமைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. அனுமதிக்கு முன்பே மதிப்பிடச் சொல்லும் அரசு வழிகாட்டுதல் 1990இல் வந்தது.

பைல்காரன்:
சரி, வேலை பாதியில் நின்றால் நஷ்டம் எனக்குத்தான். வரைபடங்களைத் தருகிறேன், முற்றத்தில் சோதனைக் குழியும் வெட்டட்டும். பேஸ்மென்ட் தளத்தை உடைக்க மட்டும் சம்மதிக்க மாட்டேன்.

கிணற்றடி:
கிணறு அந்தத் தளத்துக்கு அடியில் இருந்தால்?