என்எஸ் போகும் பையன்களைச் சபை எப்படித் தாங்குவது?

கேள்வி:
சிங்கப்பூர்ல எங்க தமிழ்ச் சபையில பையன்கள் 18 வயசுல என்எஸ் (ராணுவம் மாதிரியான கட்டாய தேசிய சேவை) போனதும் ஆராதனைக்கு வருவது குறையுது. வந்தாலும் கடைசி வரிசை. ஆசீர்வாதம் சொன்னதும் கிளம்பிடறாங்க. பெரியவங்க கேட்கிறது ஒண்ணுதான்: "போன வாரம் ஏன் வரல?" வீட்டுப் பிள்ளையை இப்படியா வாசல்ல நிறுத்திக் கேட்போம்? மனசு வலிக்குது. நான் போதகர் இல்ல, சாதாரண விசுவாசி. என்ன செய்யலாம்?

ஈசூன் அக்கா:
சாப்பிடக் கூப்பிடுங்க தம்பி. புக் அவுட் ஆகி, அதாவது கேம்ப்ல இருந்து லீவுல வெளிய வந்த ஒரு பையன் எங்க வீட்டுக்கு வந்தான். போனைப் பார்த்துக்கிட்டே கோழிக்குழம்பு சாப்பிட்டான். நான் எதுவும் கேட்கல. மறுசோறு போடும்போது அவனே, "ஆன்ட்டி, கேம்ப்ல ஜெபிக்கவே தோணல"ன்னான். என் வீட்டுக்காரர் சபைக் கதை எடுக்காம, தன்னோட என்எஸ் நாள்ல அழுததைச் சொன்னார். அப்புறம்தான் பையன் மனசுவிட்டுப் பேசினான்.

வேதபாட ஆசிரியர்:
வேதத்துல வர்ற தீமோத்தேயு, அப்போஸ்தலர் பவுலோட இளம் உடன் ஊழியர். அவரோட தகப்பன் கிரேக்கர். விசுவாசம் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியா வந்தது. பவுல் தீமோத்தேயுவை மகன்னு சொன்னதோட நிற்கல. கொரிந்துவுக்கும் தெசலோனிக்கேயாவுக்கும் நம்பி அனுப்பினார். நீங்களும் வேதவாசிப்பு, ஒலிபெருக்கின்னு பொறுப்பு கொடுங்க. தமிழ் தடுமாறினா சபை நடுவுல திருத்தாதீங்க, ரொம்ப முக்கியம்.

என்எஸ் தம்பி:
அங்கிள், புதன்கிழமை மாதிரி சும்மா ஒரு நாள்ல வாட்ஸ்அப் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை வரலேன்னா மட்டும் மெசேஜ் வந்தா, வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி இருக்கு.