பதினொன்றாம் வகுப்பில் உளவியலா, சட்டவியலா?

மாணவியின் தந்தை, மன்னார்குடி:
சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேரவிருக்கும் என் மகள், நிலப் பாகப்பிரிவினை வழக்குக்காக என்னோடு நீதிமன்றத்துக்கு அலைந்ததிலிருந்து, வழக்கறிஞராக வேண்டும் என்கிறாள். ஆனால் அவள் விரும்பிப் படிப்பதோ உளவியல். சட்டவியலை விட்டுவிட்டால் பின்னால் சிக்கல் வருமா?

ஆசிரியை, கும்பகோணம்:
வராது, ஐயா. பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் படித்திருந்தாலும், உரிய மதிப்பெண் இருந்தால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மாணவரைச் சேர்க்கும் கிளாட் என்ற நுழைவுத் தேர்விலும், கொடுத்த பத்தியைப் படித்துப் பகுத்தறியும் திறனைத்தான் சோதிக்கிறார்களே தவிர, முன்கூட்டிய சட்ட அறிவை எதிர்பார்ப்பதில்லை. உளவியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 மதிப்பெண்; சட்டவியலில் எழுத்துக்கு 80, செயல்திட்டம் முதலியவற்றுக்கு 20. உளவியல் செய்முறையில் ஒருவரை எதிரே அமர்த்தி, அவர் சொல்வதைத் திரிக்காமல் குறித்துவரும் பழக்கம், கட்சிக்காரரின் பேச்சைக் கேட்கும் வக்கீலுக்கும் வேண்டியதுதானே.

வழக்கறிஞர், திருவாரூர்:
அம்மா சொல்வது சரி. எனினும் சட்டவியல் பாடநூலை ஒரு மாலை அவளே புரட்டிப் பார்க்கட்டும். நீதிமன்றத் தாழ்வாரத்தின் கவர்ச்சி வேறு, சட்டப் பிரிவுகளை வரிவரியாகப் படிக்கும் பொறுமை வேறு. அதைவிட முக்கியம், உளவியல் நடத்த அப்பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா என்பது. பாடம் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். என் தங்கை மகளுக்கு அப்படித்தான் ஆயிற்று.