ஜெபிச்சும் பதில் தாமதமாகுதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

காசிமேடு அக்கா:
மேல ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, ஒரே விஷயத்துக்கு எத்தன வருஷம்தான் ஜெபம் பண்றது, கர்த்தருக்கு ஒரு தடவ சொன்னா கேக்காதான்னு. அதே கேள்விய நான் எங்கம்மாகிட்ட கேட்டிருக்கேன்மா, அதான் எழுதுறேன்.

எங்கண்ணன் லாஞ்ச்ல தொழிலுக்குப் போறவரு. கடல்ல இருக்கறவரைக்கும் நல்லா இருப்பாரு, கரைக்கு வந்து பங்குக் காசு கைல விழுந்துச்சுன்னா வீடு வந்து சேர்றதுக்குள்ள பாதி குடில போயிடும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், போட் எல்லாம் கட்டிப் போட்டுடுவாங்க, அப்பதான் ரொம்ப மோசம், வருமானமும் இருக்காது, கடன் வாங்கிக் குடிப்பாரு, அண்ணி பிள்ளைங்கள இட்டுக்கினு எங்க ரூமுக்கு வந்து படுத்துக்குவாங்க. அம்மா மீன் விக்கறவங்க. விடியக்காலைல ஏலத்துக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அண்ணன் படுத்திருக்கற பாய் ஓரமா உக்காந்து அவர் தலமேல கை வச்சு ஜெபம் பண்ணுவாங்க. சத்தமே வராது, உதடு மட்டும் அசையும், எவ்ளோ சோப்பு போட்டாலும் மீன் வாடை போகாத கை அது, அண்ணன் தூக்கத்துல அத தட்டி வுடுவாரு, அம்மா திரும்ப எடுத்து வப்பாங்க. போதும்மா வுடு, இவன் திருந்த மாட்டான்னு நான் கத்துனப்ப, "நானும் வுட்டுட்டா இவனுக்காகக் கேக்கறதுக்கு வேற யாருடி இருக்கா"ன்னாங்க.

தொழிலாவது போகாம இருக்கணும்னு அம்மா கேட்டாங்க, அதுவும் போச்சு. ஓனர் லாஞ்ச்ல இருந்து எறக்கி வுட்டுட்டாரு. அன்னிக்கு அம்மா அழுத அழுகைய நான் மறக்கவே மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் வலை தைக்கற வேலைக்குப் போனாரு பாருங்க, அங்கதான் ஒரு பெரியவர் பக்கத்துல உக்காந்து தைச்சாரு, அவரும் ஒரு காலத்துல குடிச்சு அழிஞ்சு வெளிய வந்தவரு, அவர்தான் எங்கண்ணன மொதல்ல டாக்டர்கிட்டயும் அப்புறம் குடிய வுடறதுக்கு ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருக்கறவங்க கூடற ஏஏ மீட்டிங்குக்கும் கூட்டிக்கினு போனாரு. நடுவுல ஒரு தடவ வழுக்கி விழுந்தாரு, திரும்ப எழுந்துட்டாரு. இப்ப குடிக்கறதில்ல. லாஞ்ச்லயே இருந்திருந்தா அந்தப் பெரியவர பாத்தே இருக்க மாட்டாரு.

ஒண்ணு சொல்லிடுறேன், ஜெபம் பண்றோம்னு டாக்டர வுட்டுடாதீங்க. ரொம்ப நாள் குடிச்சவங்க திடீர்னு நிறுத்துனா ஃபிட்ஸ் கூட வரும், உயிருக்கே ஆபத்து.

ராயபுரம் சிஸ்டர்:
அக்கா, படிச்சிட்டு கண்ணு கலங்கிடுச்சு. உங்கம்மாவப் பத்தி படிக்கும்போது எனக்கு புனித மோனிக்காதான் ஞாபகம் வந்தாங்க. அவங்க பையன் அகுஸ்தின் வழி தவறிப் போயி, கார்த்தேஜ்ல இருந்து ரோமுக்குக் கப்பலேறப் பாக்கறான், 383ல. போகக் கூடாதுன்னு அம்மா துறைமுகம் வரைக்கும் வந்து அழறாங்க. அவன் பொய் சொல்லிட்டு, அவங்க பக்கத்துல இருந்த புனித சிப்ரியான் கோயில்ல ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணிட்டிருக்கும்போதே கப்பலேறிப் போயிடறான். காலைல வந்து பாத்தா கப்பல் இல்ல. அந்த அம்மா மனசு எப்டி இருந்திருக்கும்! ஆனா இத்தாலிக்குப் போனதாலதான் மிலான்ல ஆயர் அம்புரோஸ் பிரசங்கத்தக் கேட்டான், 387 ஈஸ்டருக்கு அவர் கையால ஞானஸ்நானம் வாங்குனான். அம்மா அத கண்ணால பாத்துட்டு அதே வருஷம் இறந்தாங்க. அவங்க திருநாள் ஆகஸ்ட் 27, பையனோடது அடுத்த நாளே. பிள்ளைங்களுக்காக அழற அம்மாங்க யாராச்சும் இருந்தா அன்னிக்கு பூசைக்கு வாங்க.

வியாசர்பாடி பிரதர்:
சாட்சிக்கு நன்றிக்கா. லூக்கா 18ல ஒரு நியாயாதிபதிகிட்ட நியாயம் கேட்டு விடாம வந்துக்கிட்டே இருந்த விதவையோட உவமைய வச்சு, நச்சரிச்சா ஆண்டவர் தருவாருன்னு சில பேர் பிரசங்கம் பண்றாங்க, எனக்கு அது சரியாப் படல. அந்த நியாயாதிபதி தேவனுக்கும் பயப்படாதவன், மனுஷனையும் மதிக்காதவன், அவனே கடைசில நியாயம் செஞ்சான்னா, பிள்ளைங்கள நேசிக்கற தகப்பன் செய்யாம இருப்பாரான்னுதான் இயேசு கேக்கறாரு. அதே மாதிரி கேட்டது கெடைக்கலன்னா விசுவாசம் கம்மின்னு யாரையும் சொல்லாதீங்க ப்ளீஸ். அப்போஸ்தலன் பவுல், தன்ன வாட்டுன ஒரு வேதனைய மாம்சத்துல இருக்கற முள்ளுன்னு சொல்றாரு, அந்த முள்ளு எடுபடணும்னு மூணு தரம் வேண்டிக்கிட்டாரு, முள்ளு எடுபடல, "என் கிருபை உனக்குப் போதும்"னுதான் பதில் வந்துச்சு. பவுலுக்கு விசுவாசம் இல்லன்னு சொல்லிடுவோமா?

கேள்வி கேட்ட தங்கச்சி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் எதுக்குக் கேட்டேன்னு சொல்லல இல்ல, குழந்தைக்காகத்தான். விசேஷம் எதுவும் உண்டான்னு கேக்கறவங்களுக்கு பயந்து கல்யாணம் காதுகுத்துன்னு எதுக்கும் போறதில்ல, சர்ச்லயே "இன்னும் நல்லா ஜெபம் பண்ணும்மா"ன்னு ஒருத்தர் சொன்னதுலேர்ந்து ஜெபம் பண்ணவே வாய் வரல. பவுல் விஷயம் படிச்சப்புறம் ஏதோ கொஞ்சம் மூச்சு விட முடியுது. காசிமேடு அக்கா, உங்கம்மாகிட்ட எனக்காக ஜெபம் பண்ணச் சொல்றீங்களா?

காசிமேடு அக்கா:
சொல்லிட்டேன்மா. உம்பேரு கேட்டாங்க, இன்பாக்ஸ்ல அனுப்பு. நாளைக்கு விடியக்காலைலேர்ந்து அண்ணன் பேரோட உம்பேரையும் சேத்துக்கறேன்னாங்க.