பாஸ் ஆன டெஸ்ட் வாயைத் திறக்கலாமா?

கோட்டைவாசி:
நேற்று இங்கே ஒருவர், "பாஸ் ஆன டெஸ்டுக்குத் திரையில் ஒரு புள்ளிகூட வரக்கூடாது, வந்தால் அது குப்பை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பைத்தான் கோடைச் சோதிக்கும் பைடெஸ்ட் கருவி, ஒரு டெஸ்ட் பாஸ் ஆனால் ஒரு புள்ளி போடும், ஃபெயிலானால் 'எஃப்' போடும். புள்ளி நகர்வதை வைத்துத்தானே, ஓடுகிறதா, டேட்டாபேஸ் பூட்டில் மாட்டி நிற்கிறதா என்று பார்க்கிறோம்? அது யார் கண்ணை உறுத்துகிறது?

காட்பாடிக்காரன்:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கோ மொழியின் டெஸ்ட் கட்டளையை, விவரமாகக் காட்டச் சொல்லும் '-வி' இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். பாஸ் ஆனால் பேக்கேஜுக்கு, அதாவது ஒரு கோடுத் தொகுப்புக்கு, ஒரு 'ஓகே' வரி, அவ்வளவுதான். யூனிக்ஸில் 'சிபி' கட்டளை ஃபைலைக் காப்பி செய்துவிட்டு 'செய்துவிட்டேன் ஐயா' என்று சொல்கிறதா?

கோட்டைவாசி:
புள்ளி ஓர் எழுத்து. 'ஓகே' இரண்டு எழுத்து. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காட்பாடிக்காரன்:
அது பேக்கேஜுக்கு ஒன்று, உங்கள் புள்ளி டெஸ்டுக்கு ஒன்று! ஆயிரக்கணக்கில் டெஸ்ட் இருந்தால் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸின் பதிவு முழுக்கப் புள்ளிக்கோலம். நடுவில் ஒளிந்திருக்கும் எஃப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடணும்.

ஆரணிப்பெண்:
தேட வேண்டாம் அண்ணா. ஃபெயிலானவற்றைப் பைடெஸ்ட் கடைசியில் தனியாகப் பட்டியல் போடுகிறது. முதலில், 'வெர்போஸ்', அதாவது டெஸ்ட் அதிகம் பேசுகிறது என்று எதைச் சொல்கிறோம்? ஓட்டம் நகர்வதைக் காட்டுவது வேறு, டெஸ்டின் பெயரை எழுதுவது வேறு, கோடில் இருக்கும் பிரிண்ட் வரிகளைக் கொட்டுவது வேறு. அந்த பிரிண்டைப் பைடெஸ்ட் பிடித்து வைத்துக்கொண்டு ஃபெயிலானால் மட்டும்தான் காட்டும். '-எஸ்' கொடுத்தால்தான் எல்லாம் வெளியே வரும்.

காட்பாடிக்காரன்:
அதெல்லாம் சரி. புள்ளி வேண்டுமா, வேண்டாமா?

வாலாஜா பெரியவர்:
1987-ல் பெர்ல் மொழியின் முதல் பதிப்போடு வந்த டெஸ்டுகளே 'ஓகே 1', 'ஓகே 2' என்று எழுதின. டெஸ்ட் முடிவுகளை எழுதும் 'டேப்' (TAP) வடிவம் அங்கிருந்து வந்ததுதான். அதில் '1..40' என்று முன்கூட்டியே திட்டம் எழுதிவிடுவதால், புரோகிராம் பாதியில் செத்தால் எத்தனை ஓடவில்லை என்று தெரியும். தம்பியின் மௌன டெஸ்டில் எப்படித் தெரியும்?

காட்பாடிக்காரன்:
புரோகிராம் முடியும்போது தரும் எண், அந்த எக்ஸிட் கோடு எதற்கு இருக்கிறது? பூஜ்யம் இல்லையென்றால் ஃபெயில். டெஸ்டே கிடைக்காவிட்டாலும் பைடெஸ்ட் 5 தரும்.

வாலாஜா பெரியவர்:
டெஸ்டின் நடுவில் யாரோ எக்ஸிட் பூஜ்யம் போட்டு வெளியேறினால்?

காட்பாடிக்காரன்:
அப்படி எழுதியவரை முதலில் வெளியேற்றுங்கள். அதற்காக எனக்கு எதற்குப் புள்ளி?

கோட்டைவாசி:
தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நம்ம வேலூரைச் சொல்வார்கள். இவர் அதோடு புள்ளி இல்லாத டெஸ்டையும் சேர்க்கப் பார்க்கிறார்.

காட்பாடிக்காரன்:
சாமி இல்லாத கோயிலா? ஜலகண்டேஸ்வரரை 1981-லேயே கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தாயிற்று. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளமும் தெரியாதா? இதில் பெயர் மட்டும் கோட்டைவாசி!

கோட்டைவாசி:
ஆற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கோட்டையைப் பற்றி எனக்கு வகுப்பா? போன மாதம் கோடில் இடம்விட டேப் (Tab) விசையா ஸ்பேஸா என்ற சண்டையில் வாங்கியது இன்னும் ஆறவில்லை போல.

காட்பாடிக்காரன்:
அதில் யார் பதில் சொல்லாமல் ஓடியது என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவரும் 2019-லேயே ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டார், வேலூர் விஷயத்தில் அவருக்கு என்ன வேலை?

வாலாஜா பெரியவர்:
வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோதே கோடு எழுதியவன் நான். அப்போது நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

ஆரணிப்பெண்:
அப்படிப் பார்த்தால் நாங்கள் 1989-லேயே திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டோம். நான் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்கிறீர்களா?

காட்பாடிக்காரன்:
யார் எந்த மாவட்டமானாலும் என் கோடு இருக்கும் ரெப்போவில், குறைவாகக் காட்டச் சொல்லும் '-க்யூ'தான். புள்ளிக்கு இடமில்லை.

கோட்டைவாசி:
'-க்யூ' போட்டாலும் பைடெஸ்ட் புள்ளி போடும் சார். ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

காட்பாடிக்காரன்:
தெரியும். அதனால்தான் வருவதையெல்லாம், எதையும் விழுங்கிவிடும் 'டெவ் நல்'லுக்குத் தள்ளிவிடுகிறேன். ஃபெயிலானால், இன்னும் விவரமாகக் காட்டும் '-விவி' போட்டு மறுபடி ஓட்டுவேன்.

ஆரணிப்பெண்:
எப்போதாவது மட்டும் ஃபெயிலாகும் டெஸ்ட், மறுபடி ஓட்டும்போது பாஸ் ஆகிவிட்டால்?

காட்பாடிக்காரன்:
அது வேறு தலைப்பு, தனி இழை போடுங்கள். இங்கே புள்ளியைப் பற்றி மட்டும் பேசலாம்.