ருவான் பழைய தெருவில் அம்மாவுடன் நடக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவை பாரிஸிலிருந்து ரயிலில் ருவான் நகரத்துக்கு ஒரு நாள் அழைத்துப்போகிறேன். முக்கியமாகப் பார்க்க நினைப்பது க்ரோ ஓர்லோஜ் தெரு, அதாவது பெரிய கடிகாரத் தெரு. பேராலயத்தில் தொடங்கி, 1431இல் ஜோன் ஆஃப் ஆர்க் எரிக்கப்பட்ட பழைய சந்தைச் சதுக்கம் வரை போகும் தெரு அது.

அந்தக் கடிகாரத்தின் மேல் எனக்குப் பல வருட ஆசை. இயந்திரம் 1389இல் செய்தது. தெருவின் குறுக்கே, கடிகாரத்தைத் தாங்கும் வளைவு எழும்பியது 1520களில். முள் ஒன்றுதான், மணி மட்டும் காட்டும். அதன் நுனியில் ஒரு சின்ன ஆட்டுக்குட்டி! ஆடு அந்த நகரத்தின் சின்னம், கம்பளி நெசவில் வளர்ந்த ஊர் அல்லவா? வளைவின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேய்ப்பனும் மந்தையும் செதுக்கியிருப்பது தெரியுமாம்.

என் கவலை அம்மாவின் முழங்கால். தெரு முழுக்கக் கல் பாவியது. மணிக்கூண்டில் ஏறப் படிகள். கைத்தடியோடு நடக்கச் சிரமமாக இருக்குமா? வழியில் உட்கார இடம் உண்டா? ரயில் நிலையத்திலிருந்து நடப்பதா, டாக்சியா?

மரச்சட்ட வீடுகள் நெருங்கி நிற்கும் சேன் ரொமேன் தெருவையும், மண்டையோடுகள் செதுக்கிய சேன் மக்லூ பழைய இடுகாட்டு முற்றத்தையும் அதே நாளில் சேர்க்கலாமா? கூட்டமில்லாத நேரம் எது? வயதானவர்களோடு போய்வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.