மறு: 'கேமிஃபிகேஷன்' – பயிற்சிக் கையேட்டுக்கு ஒரு சொல்

அன்பின் குழுவினருக்கு,

தரம் 8, 9 ஆசிரியர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை கல்முனையில் அச்சுக்குப் போகவிருப்பதால், 'கேமிஃபிகேஷன்' (பாடம் போன்றவற்றில் கணினி விளையாட்டின் வழிகளைக் கையாளுதல்) என்பதற்கு இதுவரை வந்த தமிழ்ச் சொற்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூலச்சொல்லே 2002 இல் நிக் பெல்லிங் உருவாக்கியது. பரவலானது 2010 அளவில்தான். அதற்கு 'விளையாட்டாக்கம்' என்று எழுதினால், படிப்பை விளையாட்டாக்கிவிட்டார்கள் என்றே பெற்றோர் வாசிப்பார்கள். காரைதீவு நண்பரோ, சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளின் ஊரவர் என்ற உரிமையோடு, 'கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு' என்னும் தொல்காப்பிய உரியியல் நூற்பாவைக் காட்டிப் 'பண்ணையாக்கம்' என்கிறார். நூற்பா சரிதான், ஆனால் அம்பாறையில் அந்தத் தலைப்பைக் கண்டவர் கோழி வளர்ப்புக் கையேடென்றே எடுத்துச் செல்வார். 'ஆட்டமயமாக்கல்' என்பதில் மயம் வடசொல்லா என்ற வழக்கிற்குள் நான் புகவில்லை.

கையேடு கேட்பது பாடத்தில் புள்ளியும் பதக்கமும் ஒட்டுவதை அன்று. ஃப்ரீ ஃபயர் என்னும் கைபேசிச் சுடும் விளையாட்டை ஆடும் மாணவன், தன்னை வீழ்த்தியவர் யார் என்பதை அப்போதே திரையில் கண்டு, அடுத்த ஆட்டத்தை உடனே தொடங்குகிறான். அவனே தவணைப் பரீட்சையில் பின்னக் கணக்கில் எந்தப் படியில் பிழைத்தான் என்பதை, விடைத்தாள் திரும்பி வரும்போதுதான், அதாவது வகுப்பு அடுத்த அலகுக்குப் போன பிறகுதான், அறிகிறான். இவ்விடைவெளியைக் குறைத்து, தோற்றவனை உடனே மீண்டும் முயலவிடும் பாடத்திட்டமிடலே இங்கு பொருள். ஆகவே 'ஆட்டநெறிப் பாடவமைப்பு' என்பதை முன்மொழிகிறேன். புள்ளி, பதக்க வேலையை 'ஆட்டக்கூறு சேர்த்தல்' என்று தனியே சொல்லலாம்.

—

வந்தாறுமூலையிலிருந்து:

ஐயா, வேறுபாடு ஏற்புடையது, சொல் ஏற்புடையதன்று. மட்டக்களப்பில் 'ஆட்டம்' என்றால் கூத்துக்களரிதான் நினைவுக்கு வரும். கூத்தின் இரு வகைகளுள் வடமோடியா தென்மோடியா என்று, கூத்துப் பயிற்றும் அண்ணாவியார் கேட்பார். 'விளையாட்டு' என்பதை இழிவாகக் கொள்வதும் நம் வழக்கன்று. வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, கண்ணகியம்மனுக்காக மரக்கொம்புகளைக் கோத்து இழுத்து முறித்ததைக் கொம்பு விளையாட்டு என்றுதானே அழைத்தோம்? தொல்காப்பியரும் உவகை பிறக்கும் நான்கினுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். 'விளையாட்டுநெறி' என்று திருத்துங்கள்.

—

தொகுப்பாளர்:

அச்சகம் காத்திராது. மறுப்பு எழுதாதவர்களை உடன்பட்டவர்களாகக் கொண்டு 'ஆட்டநெறி' என்றே அனுப்புகிறேன். சொல்லடைவில் வந்தாறுமூலை நண்பரின் சொல்லும் இடம்பெறும். 'பண்ணையாக்கம்' இடம்பெறாது, காரைதீவு நண்பர் இதற்கும் நீண்டதொரு மடல் எழுதுவார் என்று அறிவேன்.